சென்னம்மாளின் பாதி

கோகிலவாணி பதினோரு வருஷமாகக் கோர்ட்டில் தட்டச்சு செய்கிறாள். அவள் அடித்த தாளில் பிழை கண்டேன் என்று ஒரு நீதிபதியும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவளை அன்று நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் முந்தின நாள் அவள் அடித்துக் கொடுத்த தீர்ப்பு கிடந்தது. வாய்க்கால் தகராறு. வாதியும் பிரதிவாதியும் ஆண்கள், சாட்சிகள்கூட ஆண்கள்தான். ஆனால் மூன்றாம் பக்கத்தில் வாதியின் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘சென்னம்மாள்’ என்று இருந்தது. ஐந்தாம் பக்கத்தில் இன்னொரு தடவை.

“யாரும்மா இந்தச் சென்னம்மாள்?”

கோகிலவாணி தாள்களைச் சேர்த்து எடுத்தாள். அவருக்கு நினைவில்லை. மாசத்துக்கு முப்பது நாற்பது வழக்கு பார்க்கிற மனுஷருக்கு எல்லாப் பெயரும் நினைவிருக்க வேண்டும் என்பதும் நியாயமில்லை.

“பழைய ஃபைல்ல இருந்து ஒட்டிக்கிட்டு வந்துடுச்சுங்க சார். மாத்திக் கொண்டாரேன்.”

இடத்துக்குத் திரும்பிக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தாள். பழைய ஃபைலிலிருந்து ஒரு வரியும் வந்திருக்கவில்லை. அவளே, தன் விரலால், எழுத்தெழுத்தாக அடித்திருக்கிறாள். எப்போது அடித்தோம் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

சென்னம்மாள் இறந்து அன்றைக்கு நாற்பது நாள் ஆகியிருந்தது.

சென்னம்மாள் கொல்லிமலைப் பழங்குடி; மலையில் ‘நாடு’ என்று சொல்கிற ஊர்த்தொகுதிகளில் திண்ணனூர் நாட்டுக்காரி. ஐம்பது வயசு இருக்கும். புருஷன் செத்த பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். அப்பன் நிலம் இரண்டே முக்கால் ஏக்கர். அதில் சில்வர் ஓக் மரம் நட்டு மிளகுக் கொடி ஏற்றியதும், கீழ்க்காட்டில் குச்சிக்கிழங்கு போட்டதும், இருபது வருஷமாகக் களை வெட்டியதும் அவள்தான். அப்பன் கண்ணை மூடியதும் அண்ணன் கருப்பண்ணன் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். காட்டின் ஓரத்தில் அவள் இருந்த குடிசையைக் காலி பண்ணச் சொன்னான். அவள் நாட்டுப் பஞ்சாயத்தைக் கூட்டிக் கேட்டாள். பெண்ணுக்குப் பங்கு கொடுக்கும் வழக்கம் நமக்கு இல்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பிறகுதான் எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிக் கோர்ட்டுக்கு வந்தாள். இலவச சட்ட உதவியில் பிரபாவதி என்ற வக்கீல் அவளுக்காக வாதாடினாள்.

வழக்கு தோற்றது. தோற்றதற்குக் காரணம் சட்டப் புத்தகத்தில் இரண்டே இரண்டு வரி. இந்து வாரிசுரிமைச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்கிறது. அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவில் ஓர் உட்பிரிவு இருக்கிறது: மத்திய அரசு அறிவித்தால் ஒழிய, இந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. மலை மக்களின் வழக்கத்தை வெளியார் வந்து கலைத்துவிடக் கூடாது என்று நல்லெண்ணத்தோடு போட்ட வேலிதான். அந்த வேலிக்குள்ளே பெண்களும் சிக்கிக்கொண்டார்கள்.

தீர்ப்பைச் சொல்லச் சொல்ல அடித்தவள் கோகிலவாணி. நீதிபதி மூன்று தடவை நிறுத்தினார். ஜன்னலைப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: “வாதியின் நிலை இரக்கத்துக்குரியது. ஆயினும் சட்டத்தில் இல்லாததை இந்த நீதிமன்றம் எழுதிச் சேர்க்க இயலாது. அது பாராளுமன்றம் செய்ய வேண்டிய வேலை. வழக்கு தள்ளுபடி செய்யப்படுகிறது.”

நகல் வாங்க சென்னம்மாளே வந்தாள். கோகிலவாணி ஜன்னல் வழியே தாள்களை நீட்டியதும் வாங்காமல் அவள் முகத்தையே பார்த்தாள்.

“கண்ணு, நீ வாழவந்தி நாட்டுப் புள்ளைதான? பேச்சுலயே தெரியுது. நான் செயிச்சனா தோத்தனா, அத மட்டும் சொல்லு.”

“தள்ளுபடி ஆயிருச்சுங்க அக்கா.”

“ஏன்னு போட்டிருக்குது?”

கோகிலவாணி கடைசிப் பத்தியைப் படித்துக் காட்டினாள். சென்னம்மாள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டாள்.

“பார்லிமெண்டு எங்க இருக்குது?”

“டெல்லியிலீங்க.”

“அதுக்குத் தெரியுமா கண்ணு, இங்க நாங்க இருக்கறது? யாராச்சும் போயிச் சொல்லோணுமல்ல?”

பின்னால் ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள். குமாஸ்தா ஒருவர் சலித்துக்கொண்டார். கோகிலவாணி அவசரமாகச் சொன்னாள்: “அது நம்ம வேலை இல்லீங்க அக்கா. அப்பீல் போங்க, முப்பது நாள் டைம் இருக்குது.”

“நம்ம வேலை இல்ல” என்று சென்னம்மாள் திருப்பிச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. பாடம் ஒப்பிக்கிற குழந்தை மாதிரிச் சொன்னாள். தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

அது ஐப்பசி. அந்த மாசமே கருப்பண்ணனின் மகன்கள் குடிசைக் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். கார்த்திகையில் மலையில் நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலையில் கூரையில்லாத சுவருக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவில் சென்னம்மாள் குளிரில் விறைத்துக் கிடந்தாள். அதே கார்த்திகையில், டெல்லியில் உச்ச நீதிமன்றம் இன்னொரு மாநிலத்துப் பழங்குடிப் பெண்ணின் வழக்கில், எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது, அரசு இந்த உட்பிரிவைத் திருத்துவது பற்றி யோசிக்கட்டும் என்று எழுதியது. இதைக் கோகிலவாணிக்குச் சொன்னவள் பிரபாவதி. சென்னம்மாள் இறந்ததையும் அவளேதான் சொன்னாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

அன்றிலிருந்துதான் இது. எந்தத் தாளை எடுத்தாலும் அந்தப் பெயர் விரல் நுனியில் வந்து நின்றது. நகல் ஜன்னலில் கூட்டம் இல்லாத நேரத்தில் நிமிர்ந்தால் அந்தப் பக்கம் யாரோ தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. உற்றுப் பார்த்தால் வேப்ப மரம்தான். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் பேய் ஓட்டக் கூட்டிப்போவார்கள். இல்லாவிட்டால் லீவு போடு என்பார்கள்.

பொங்கலுக்குத் தன் ஊருக்குப் போனவள், வாழவந்தி நாட்டுக்குப் போகும் பஸ்ஸிலிருந்து வழியிலேயே இறங்கி, திண்ணனூர் நாட்டுப் பாதையில் நடந்தாள். ஏன் போகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கே பனி இறங்கி மரங்களின் பாதி உயரத்தை மூடியிருந்தது. மிளகு சிவந்து நின்றது. பறிக்க ஆளில்லாமல் தரையெல்லாம் உதிர்ந்து கிடந்தது.

“வந்துட்டியா?” என்று ஒரு குரல்.

திடுக்கிட்டுத் திரும்பினாள். கொடிகளுக்கு நடுவே ஓர் ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். தாடி மண்டிய முகம். அவளைச் சரியாகப் பார்த்ததும் எழுந்து தலைத்துண்டை அவிழ்த்தான்.

“தப்பா நெனச்சுக்காதீங்க. வேற ஆளுன்னு நெனச்சுட்டேன். ஏனுங்க, நீங்க கோர்ட்டுல வேலை பாக்கறவங்கதானுங்களே?”

அதுதான் கருப்பண்ணன். வழக்கு நடந்தபோது பார்த்த ஆளில் பாதிதான் மிச்சமிருந்தது.

“மிளகு ஏனுங்க இப்பிடிக் கெடக்குது?” என்று கேட்டாள் கோகிலவாணி. வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

“ஆளு வர மாட்டேங்குதுங்க. அவ அளக்கறா.”

“யாரு?”

“எந்தங்கச்சிதானுங்க. மேல்மூலைப் பலாவுல ஆரம்பிச்சு, ஒவ்வொரு எட்டா வெச்சு, கீழ்க்காடு வரைக்கும். பொழுதெறங்கறப்ப காலடிச் சத்தம் கேக்குது. எட்டு வெக்கறா, நிக்கறா, எட்டு வெக்கறா, நிக்கறா. எம்பசங்க கேட்டதில்லைன்னு சாதிக்கறானுங்க. ஆனா ரெண்டு பேரும் இப்ப இந்தப் பக்கம் வர்றதே இல்ல.” துண்டைக் கையில் முறுக்கினான். “அந்தத் தீர்ப்பைத் திருப்பி எழுத முடியுமுங்களா?”

கோகிலவாணி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். ஜெயித்தவன் கேட்கிறான்.

“நீங்களே பாதியை எழுதிக் குடுத்திருக்கலாமே. இப்பவும் குடுக்கலாமே. அவங்களுக்குத்தான் ஒரு பொண்ணு இருக்குதே?”

“நெனச்சேனுங்க. ஊர்ல கேட்டேன். கோர்ட்டே இல்லைன்னு சொன்னதை நீ குடுத்தீன்னா நாளைக்கு எல்லா ஊட்டுப் பொட்டப்புள்ளையும் வந்து நிக்கும்னாங்க. கோர்ட்டு சொல்லட்டும், குடுக்கறேன்னு நானும் இருந்துட்டேன்.”

நாடு வழக்கத்தைக் கைகாட்டியது. அண்ணன் கோர்ட்டைக் கைகாட்டினான். கோர்ட்டு பாராளுமன்றத்தைக் கைகாட்டியது. அந்தப் பத்தியை அடித்தவளோ நம்ம வேலை இல்லை என்றாள். ஒருத்தர் இன்னொருத்தரைக் கைகாட்ட, நடுவில் ஒருத்தி மழையில் கிடந்து செத்துப்போனாள். மலையிறங்கும் பஸ்ஸில் கோகிலவாணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தன் கல்யாணத்துக்கு முந்தின வாரம் தன் அண்ணன் நீட்டிய, சொத்தில் பங்கு வேண்டாமென்று எழுதும் பாத்தியதை விடுதலைப் பத்திரத்தில், படிக்காமலே கையெழுத்துப் போட்டவள்தானே அவளும்.

மாசியில் பிரபாவதி மூச்சிரைக்க வந்தாள். கையில் அச்செடுத்த ஒரு தீர்ப்பு. சென்னையில் உயர் நீதிமன்றம், சென்னம்மாளைப் போலவே ‘மலையாளி’ என்ற மலைப் பழங்குடியைச் சேர்ந்த பெண்களின் வழக்கிலேயே, பெண்ணுக்குச் சமபங்கு உண்டு என்று சொல்லியிருக்கிறது. உட்பிரிவு ஒரு பாதுகாப்பு, பெண்ணின் உரிமையைப் பறிக்கிற கத்தி இல்லை என்கிற போக்கில் வாதம் போயிருந்தது. அறிவிப்பு வெளியிட வழி பாருங்கள் என்று அரசுக்கும் சொல்லியிருந்தது.

“நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா!” என்று மேசையைத் தட்டினாள் பிரபாவதி. “இப்பவும் அப்பீல் போகலாம். வாரிசு வேணும். அந்தப் பொண்ணு சுமித்ரா திருப்பூர்ல எங்கயோ இருக்குதாம். போன் போகல. கடுதாசி திரும்பி வந்துடுச்சு.”

கோர்ட்டு ஊழியர் ஒரு கட்சிக்காரரைத் தேடிப் போகக் கூடாது. கோகிலவாணிக்கு இது நன்றாகத் தெரியும். பதினோரு வருஷமாக அந்தக் கோட்டைத் தாண்டாதவள். தலைமை எழுத்தர் தனபாலிடம் இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’ என்று போட்டாள்.

திருப்பூரில் நாலு பனியன் கம்பெனி ஏறி இறங்கி ஐந்தாவதில் சுமித்ராவைக் கண்டுபிடித்தாள். இருபத்து மூன்று வயசு. தாயின் அதே முகம். தலையைச் சாய்த்துக் கேட்கிற அதே பாங்கு.

“எங்கம்மா சாகறதுக்கு முன்னாடி போன்ல பேசுச்சு” என்றாள் சுமித்ரா. “கோர்ட்டுல நம்ம நாட்டுப் புள்ளை ஒண்ணு இருக்குது, அது தங்கமா படிச்சுக் காட்டுச்சுன்னு சொல்லுச்சு. நீங்கதானுங்களா?”

கோகிலவாணியால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. “அப்பீல் போகணும் சுமித்ரா. நான் அன்னிக்கு ஒரு வார்த்தை தப்பாச் சொல்லிட்டேன்” என்று மட்டும் சொன்னாள்.

தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு, அதற்கு ஆட்சேபம், வாய்தா, மறுபடி வாய்தா. அப்பீலுக்கு எண் கொடுத்து விசாரணைக்கு எடுக்கவே ஒரு வருஷம் போயிற்று. எதிர்த்தரப்பில் வழக்கை நடத்தியவர்கள் கருப்பண்ணனின் மகன்கள். அவர்களுடைய வக்கீல் கெட்டிக்காரர். “உச்ச நீதிமன்றமே கை கட்டப்பட்டிருக்கிறது என்று சொன்ன பிறகு, கீழே உள்ளவர்கள் கட்டை அவிழ்ப்பது எப்படி? சட்டம் இயற்றுவோர் மௌனமாக இருக்கிறார்கள் என்றால் அந்த மௌனத்தையும் மதிக்க வேண்டும்” என்றார். அதிலும் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் கோகிலவாணிக்குப் பட்டது. கோர்ட்டே எல்லாச் சட்டத்தையும் எழுத ஆரம்பித்தால், நாளைக்கு யாருக்குப் பாதகமாக எழுதும் என்று யார் கண்டார்கள்? ஆனால் மௌனத்துக்கு மதிப்புக் கொடுத்துக்கொண்டே எத்தனை மழைக்காலம் நனைவது?

ஒரு வாய்தாவுக்கு அவள் லீவு போட்டுப் போய்ப் பார்த்தாள். வராந்தா பெஞ்சில் கருப்பண்ணன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு ஒடுங்கியிருந்தான். யாரோ ஒருவர் அங்கே உட்காரப் போக, “ஆளு இருக்குதுங்க” என்றான். வந்தவர் காலி இடத்தைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார். சுமித்ரா எதிரில் நின்று இதையெல்லாம் பார்த்தாள். மாமா என்று கூப்பிடவில்லை.

கோகிலவாணி திருப்பூர் போன சங்கதி எப்படியோ கசிந்தது. மகன்கள் புகார் எழுதிப் போட்டார்கள். மெமோ வந்தது, விசாரணை வந்தது. “போனது உண்மைதானுங்க” என்று ஒத்துக்கொண்டாள். கண்டிப்போடு விட்டு, மாவட்டத்தின் மறுகோடியில் இருந்த கோர்ட்டுக்கு மாற்றினார்கள். அன்றிரவு பல மாதத்துக்குப் பிறகு அவள் அயர்ந்து தூங்கினாள்.

இரண்டாயிரத்து இருபத்தைந்து ஆடியில் டெல்லியிலிருந்து இன்னொரு தீர்ப்பு வந்தது. பெண்ணுக்குப் பங்கில்லை என்கிற வழக்கம் இருப்பதாக நிரூபிக்காதவரை, பழங்குடிப் பெண்ணைப் பெண் என்பதற்காக மட்டும் ஒதுக்குவது அரசியல் சாசனம் தரும் சமத்துவத்துக்கு விரோதம் என்றது உச்ச நீதிமன்றம். பிரபாவதி அதையும் வைத்து வாதாடினாள். எதிர்த்தரப்பு வழக்கத்தை நிரூபிக்க வேண்டும். நாட்டுப் பெரியவர்கள் வாயால் சொன்னதைத் தவிர அவர்களிடம் ஒன்றும் இல்லை. புரட்டாசியில் அப்பீல் அனுமதிக்கப்பட்டது. சென்னம்மாளுக்குப் பாதி, அவள் வழியாகச் சுமித்ராவுக்கு. அப்பீல் நீதிபதி கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: இது ஒரு குடும்பத்துக்கான விடை, எல்லாக் குடும்பத்துக்குமான விடையைப் பாராளுமன்றம்தான் தர முடியும்.

அடுத்த தை மாசம் கோர்ட்டு நியமித்த வழக்கறிஞர் ஆணையரும் சர்வேயரும் நிலத்தை அளக்க வந்தார்கள். சுமித்ரா கூப்பிட்டிருந்ததால் கோகிலவாணியும் போனாள். மகன்கள் வரவில்லை. கருப்பண்ணன் மட்டும் விடியலிலேயே வந்து பலா மரத்தடியில் நின்றிருந்தான். சர்வேயர் நாடாவை இழுத்து, கணக்குப் போட்டு, ஓர் இடத்தில் கல் ஊன்றச் சொன்னார்.

“அங்க இல்லீங்க” என்றான் கருப்பண்ணன். “இங்க.” எட்டு எட்டாக நடந்து காண்பித்தான். அவன் கோடு, பலா மரத்தையும் அதற்கப்பால் இரண்டு வரிசை மிளகையும் சென்னம்மாள் பக்கம் சேர்த்தது. “அவ அளந்தது இதுதானுங்க. மூணு வருஷமாப் பாத்துக்கிட்டிருக்கறேன். எனக்குத் தெரியாதா?”

ஆணையர் இளைஞர். சங்கடமாகச் சிரித்தார். “பெரியவரே, தீர்ப்புல சரிபாதின்னு இருக்குது. அதுக்கு மேல எழுத எனக்கு அதிகாரமில்ல.”

“நான் குடுக்கறேனுங்க. எம்பங்குல இருந்து குடுக்கறேன்.”

எல்லோரும் சுமித்ராவைப் பார்த்தார்கள். அவள் அந்த இரண்டு வரிசைக் கொடியையும் ஒரு தடவை கண்ணால் தடவிவிட்டுச் சொன்னாள்: “சர்வேயர் சொன்ன எடத்துலயே கல்லை நடுங்க.”

“கண்ணு, மாமன் மனசாரத்தான்…”

“மனசாரக் குடுக்கறதுன்னா எங்கம்மா உசுரோட இருக்கறப்பக் குடுத்திருக்கோணும். இப்ப எனக்கு வேண்டியது பாதி. அது எனக்கு உள்ளது. ஒரு கொடிகூட மேல வேண்டாம். மேல வாங்குனா நாளைக்கு எல்லாமே நீங்க குடுத்ததுன்னு ஆயிரும்.”

கல் நடப்பட்டது. சிமெண்டு குழைத்துப் பூசினார்கள். பனி விலகி வெயில் ஏறிற்று. ஆணையர் தாளில் கையெழுத்து வாங்கினார். கருப்பண்ணன் கைநாட்டு வைத்துவிட்டு, மையைத் துடைக்காமல் அந்தக் கல்லுக்குத் தன் பக்கமே நின்றான்.

“அந்தச் சுவத்துக்கிட்ட ஒரு விளக்கு வெக்க வரலாமா கண்ணு?”

சுமித்ரா கூரையில்லாத அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் எங்கோ லாரி ஒன்று வளைவில் முனகியது.

“கார்த்திகையில ஒரு நாள் வாங்க. கேட்டுட்டு வாங்க” என்றாள்.

அவன் தலையாட்டினான். ஒவ்வோர் எட்டாகக் காலை ஊன்றி வீட்டைப் பார்த்து நடந்தான். காலடிச் சத்தம் நின்றதா என்று அவனிடம் கேட்கக் கோகிலவாணிக்கு வாய் வரவில்லை. சுமித்ரா அந்தச் சுவரை இடிக்காமல், அதன் மேலேயே கூரை போட்டுத் திரும்பக் குடிவந்துவிட்டாள் என்று பிறகு பிரபாவதி சொல்லித் தெரிந்தது. ஊரில் இன்னும் பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் போகிறவர்கள் குறைவு. சுமித்ராவுக்குப் பயமில்லை. கேட்டால், “எங்கம்மாதான? நடக்கட்டுமே” என்கிறாளாம்.

கோகிலவாணியின் புதுக் கோர்ட்டில் சட்டப் புத்தகத்தின் புதுப் பதிப்பு வந்து இறங்கியது. உறை பிரிக்கிற வேலை அவளுடையது. மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு இரண்டாம் பிரிவைத் திறந்து பார்த்தாள். அந்த உட்பிரிவு ஒரு புள்ளி மாறாமல் அப்படியே இருந்தது.

மத்தியானம் கோர்ட்டு மறுபடி கூடியது. போதமலையிலிருந்து வந்த ஒரு பழங்குடிப் பெண் சாட்சிக் கூண்டில் ஏறினாள். நடந்தே இறங்கியிருக்கிறாள், பாதமெல்லாம் செம்மண். அண்ணன் தம்பி மூன்று பேர் மேல் பாகப்பிரிவினை வழக்கு. நீதிபதி பெயரைக் கேட்டார்.

“பொன்னாத்தாளுங்க” என்றாள் அவள், மெதுவாக.

தட்டச்சு மேசையிலிருந்து கோகிலவாணி நிமிர்ந்தாள்.

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க அக்கா. எல்லாருக்கும் கேக்கோணும்.”

அவள் சத்தமாகச் சொன்னாள். கோகிலவாணி அந்தப் பெயரைப் பிழையில்லாமல் அடித்தாள்.